மொத்ஸார்ட்டின் ‘லாக்ரிமோசா’: ஒலிப்பதிவைக் கேட்டு வேகம், சுருதி, பாவம் (உணர்வு) குறிக்கும் முறை

என் சேமிப்பில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக்கு ஒரு செயலி ‘வேகம் 120, சி ஷார்ப் மைனர், துடிப்பானது’ என்று குறிப்பு எழுதித் தந்தது. அந்தப் பதிவு, இசையமைப்பாளர் மொத்ஸார்ட் 1791 டிசம்பர் 5 அன்று இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற ‘ரெக்வியம்’ என்னும் இறந்தோர் திருப்பலி இசையில் இடம்பெறும் ‘லாக்ரிமோசா’. ‘கண்ணீர் மிகுந்த அந்த நாள்’ என்று லத்தீனில் தொடங்கும் பாடலைத் துடிப்பானது என்று சொல்ல எந்தக் காதும் துணியாது. ஆனாலும் செயலி முற்றிலும் உளறிவிடவில்லை. அது எங்கே இடறியது என்று பார்த்தாலே, இத்தகைய ஆர்க்கெஸ்ட்ரா-பாடகர் குழுப் பதிவை எப்படிக் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

முதலில் வேகம். இது 12/8 அளவில் எழுதப்பட்டது. அதாவது ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு அடி, ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று சிற்றடி. நமக்குப் பழகிய சொல்லில் திஸ்ர நடை. ‘தகிட, தகிட, தகிட, தகிட’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ‘த’ விழும் இடத்தில் மட்டும் மேசையில் விரலைத் தட்டுங்கள். தட்டு விழும் வேகமே பாடலின் வேகம். அச்சுப் பதிப்புகளில் காணப்படும் ‘லார்கெட்டோ’ என்ற குறிப்பும் மெதுவான நடையையே கேட்கிறது. செயலியோ வயலின்களின் ஒவ்வொரு சிற்றடியையும் தனி அடியாக எண்ணிவிட்டது; நிமிடத்திற்கு 40 அடி என்பது அப்படித்தான் 120 ஆனது. ஆகவே திரையில் எந்த எண்ணைக் கண்டாலும் அதை இரண்டாலும் மூன்றாலும் வகுத்துப் பார்த்து, விரல் தட்டுக்கு எது பொருந்துகிறது என்று சரிபார்ப்பது நல்லது.

எண்ணைத் துல்லியமாகப் பெற ஒரு சிறு கணக்கு போதும். முதல் இரண்டு பார்களில் தந்தி வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும். மூன்றாம் பாரில் பாடகர் குழு நுழையும். குழு வாய்திறக்கும் நொடியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, எட்டாம் பார் முடியும்போது நிறுத்தினால் ஆறு பார், அதாவது 24 அடி கடந்திருக்கும். அதற்கு 36 விநாடி ஆகியிருந்தால் நிமிடத்திற்கு 40 அடி. 30 விநாடி என்றால் 48. பகுதி முழுவதும் 30 பார்தான் என்பதால் மொத்த நேரத்தை வைத்தும் கணக்கிடலாம் என்று தோன்றும். நான் அதைச் செய்வதில்லை, ஏனெனில் முடிவில் வரும் ‘ஆமென்’ பகுதியை இசைக்குழு நடத்துநர்கள் தத்தம் விருப்பப்படி இழுத்து நிறுத்துவார்கள்.

அடுத்தது சுருதி. இது டி மைனரில் அமைந்தது; மைனர், மேஜர் என்பவை மேற்கத்திய இசையின் இரு சுர வரிசைகள். நம் வழக்கில் ஆதாரம் இரண்டு கட்டை. டி மைனருக்கும் எஃப் மேஜருக்கும் ஒரே சுரக்குறியீடு என்பதால் இரண்டும் குழம்பக்கூடும். சி ஷார்ப் திரும்பத் திரும்ப வந்து டி-யில் அடங்குகிறதா என்று கேளுங்கள். அடங்கினால் அது டி மைனர். கீரவாணியில் காகலி நிஷாதம் ஷட்ஜத்தைத் தேடிப் போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். கடைசிச் சுரக்கூட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனெனில் அந்த ‘ஆமென்’ டி மேஜரில் முடிகிறது.

அப்படியானால் செயலிக்கு சி ஷார்ப் எங்கிருந்து வந்தது? இன்றைய பொதுத் தரத்தில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். மொத்ஸார்ட் காலத்து வாத்தியங்களைக் கொண்டு வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் அதை 430 அளவில் வைக்கின்றன. அப்போது 294-இல் ஒலிக்க வேண்டிய டி, ஏறத்தாழ 287-இல் ஒலிக்கும். சி ஷார்ப் 277. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட செயலி எந்தப் பக்கமும் சாயலாம். ட்யூனர் செயலியில் ஏ-யின் அளவை 430 என்று மாற்றி மீண்டும் சோதித்தால் டி தெளிவாகத் தெரியும். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவில் சிக்கல் வேறு வகை: தட்டு ஆறு சதவீதம் வேகமாகச் சுழன்றிருந்தால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், கூடவே வேகமும் ஏறும். குறிப்பில் ‘எழுதப்பட்ட சுருதி’, ‘ஒலிக்கும் சுருதி’ என்று இரண்டையும் தனித்தனியே எழுதுவது என் வழக்கம்.

பாவத்தை ஒரே சொல்லில் அடைக்க முயல்வதுதான் பெரும்பாலான குறிப்புகளின் குறை. மைனர் என்றால் சோகம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இங்கே தொடக்கத்தில் வயலின்கள் சின்னச் சின்ன இடைவெளி விட்டு விம்முகின்றன, அது துக்கம். ஐந்தாம் பாரிலிருந்து, ‘சாம்பலிலிருந்து எழுவான், தீர்ப்புக்குரிய குற்றவாளி மனிதன்’ என்ற பொருளுள்ள வரிகளில், சொப்ரானோ என்னும் மேல்ஸ்தாயிக் குரல்கள் படிப்படியாக ஏறி, ஒலியும் பெருகி, எட்டாம் பாரில் உச்சம் தொடும்போது துக்கம் அச்சமாக மாறிவிடுகிறது. மொத்ஸார்ட்டின் கைப்பிரதி நின்றுபோவதும் அந்த எட்டாம் பாரில்தான். மீதியை எழுதி நிறைவு செய்தவர் அவருடைய உதவியாளர் ஸூஸ்மாயர்.

எனவே வரிகளின் பொருளை அருகில் வைத்துக்கொண்டு, எந்த நிமிடம் எந்த விநாடியில் பாவம் மாறுகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். ஒரே ஏற்றத்தை ஒரு குழு சுரங்களை வெட்டி வெட்டிப் பாடும். இன்னொன்று நீட்டி இணைத்துப் பாடும். முன்னதில் நடுக்கம் மேலோங்கும், பின்னதில் மன்றாட்டு. நான் திருத்தி எழுதிய குறிப்பு இது: ‘நிமிடத்திற்கு 40 அடி, திஸ்ர நடை, எழுதப்பட்டது டி மைனர், ஒலிப்பது அதற்குச் சற்றுக் கீழே, விம்மல், உச்சத்தில் அச்சம், பிறகு வேண்டுதல், கடைசிச் சுரக்கூட்டு மட்டும் மேஜர்.’