அஃபிலியேட் திட்டம் தொடங்கும் இணைய வணிகருக்கு: கமிஷனைக் கணக்கிடுவது முதல் பணம் கொடுப்பது வரை

அஃபிலியேட் திட்டம் தொடங்க நினைக்கும் வணிகர்கள் முதலில் தேடுவது, இதே பொருளை விற்கும் மற்றவர்கள் எத்தனை சதவீதம் கமிஷன் தருகிறார்கள் என்பதைத்தான். அந்தத் தேடலை ஒத்திவையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அடுத்தவர் தரும் சதவீதம் அவருடைய கொள்முதல் விலையையும் லாபத்தையும் வைத்து வந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால், விற்பனை கூடக்கூட நஷ்டமும் கூடலாம். உங்கள் எண் உங்கள் கணக்கிலிருந்துதான் வரவேண்டும். அதை எப்படி எடுப்பது, எந்தக் கட்டண முறையில் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

இது எப்படி இயங்குகிறது?

உங்கள் பொருளைப் பற்றி வேறொருவர் தன் வலைத்தளத்திலோ காணொளியிலோ மின்னஞ்சல் மடலிலோ பேசுகிறார். அவருக்கென்று நீங்கள் தந்த தனி இணைப்பை அங்கே வைக்கிறார். அதைச் சொடுக்கி வருபவர் உங்கள் கடையில் வாங்கினால், அந்த விற்பனையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இப்படி ஆள் அனுப்புபவரே அஃபிலியேட்.

இணைப்பின் முகவரிக்குள் அவருடைய அடையாள எண் இருக்கும். சொடுக்கியதும் அந்த எண் குக்கி எனப்படும் சிறு பதிவாக வாசகரின் உலாவியில் சேமிக்கப்படும். ஆர்டர் முடிந்ததும் குக்கியில் உள்ள எண்ணும் ஆர்டர் எண்ணும் பொருத்தப்பட்டு, விற்பனை அவர் பெயரில் ஏறும். இசைத்தட்டுகள் விற்ற சிடிநவ் நிறுவனம் 1994இலேயே இப்படி ஒரு திட்டத்தை நடத்தியது. 1996 ஜூலையில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்த முறை எங்கும் பரவியது.

முதல் படி: ஒரு விற்பனைக்கு எவ்வளவு கொடுக்க முடியும்?

பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளின் விலை, வரி நீங்கலாக, 1000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கொள்முதல் அல்லது தயாரிப்புச் செலவு 550. பொதி கட்டி அனுப்ப 100. பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் 20. வாடிக்கையாளர் சேவை போன்ற சில்லறைச் செலவுகள் 30. மீதம் 300.

இந்த 300ஐப் பார்த்ததும் கமிஷனை முடிவு செய்துவிடாதீர்கள். திரும்பி வரும் பொருட்களின் செலவு இன்னும் கணக்கில் சேரவில்லை. 100 ஆர்டர்களில் 10 திரும்பி வருகின்றன, ஒவ்வொன்றிலும் போக்குவரத்தும் கட்டணங்களுமாக 180 நஷ்டம் என்றால் மொத்தம் 1800. நிலைத்து நின்ற 90 விற்பனைகளில் அதைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 20. ஆகவே உண்மையான மீதம் 280.

இதில் உங்களுக்கு எவ்வளவு நிற்கவேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். 130 வேண்டும் என்றால், ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர நீங்கள் செலவழிக்கக்கூடிய உச்சம் 150. வணிகர்களையும் அஃபிலியேட்டுகளையும் இணைத்துவைக்கும் இடைநிலைச் சேவையான அஃபிலியேட் நெட்வொர்க் ஒன்றின் வழியாகத் திட்டத்தை நடத்தினால், அது கமிஷனுக்கு மேல் தன் பங்கைத் தனியாகக் கேட்கும். அந்தப் பங்கு கமிஷனில் 25 சதவீதம் என்று கொண்டால், அஃபிலியேட்டுக்கு 120, நெட்வொர்க்குக்கு 30. அதாவது உங்கள் உச்ச கமிஷன் 12 சதவீதம்.

அறிவிக்கும்போது 12 என்று அறிவிக்க வேண்டாம். 10 என்று தொடங்குங்கள். மிச்சமிருக்கும் 2 சதவீதம், பிறகு நன்றாக உழைக்கும் ஒரு சிலருக்கு உயர்த்திக் கொடுக்கவும் பண்டிகைக் காலச் சிறப்பு விகிதத்துக்கும் உதவும். கொடுத்ததைக் குறைப்பது மிகக் கடினம். அமேசான் 2020 ஏப்ரலில் அறைகலன் பிரிவின் கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரமே இருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்கும் சிறு கடையால் தாங்க முடியாது; அஃபிலியேட்டுகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாம் படி: கட்டண முறையைத் தேர்ந்தெடுத்தல்

கட்டண முறைகளைத் தனித்தனி வகைகளாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு முறையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: விற்பனை நடக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு?

விற்பனைக்குக் கட்டணம் என்ற முறையில், பொருள் விற்றால் மட்டுமே பணம். விற்கவில்லை என்றால் அஃபிலியேட்டின் உழைப்பு வீண், உங்களுக்கு இழப்பில்லை. தொடக்க நிலையில் இருக்கும் வணிகருக்கு இதுவே சரியான முறை என்று தயக்கமின்றிச் சொல்வேன். விலைகள் பலவிதமாக இருக்கும் கடைக்குச் சதவீதம் பொருந்தும். ஒரே பொருளை ஒரே விலையில் விற்பவர் நிலையான தொகை ஒன்றை வைக்கலாம்; அஃபிலியேட்டுக்கும் அது எளிதில் புரியும்.

விவரத்துக்குக் கட்டணம் என்பது, ஒருவர் படிவத்தை நிரப்பித் தன் தொடர்பு விவரத்தைத் தந்தாலே பணம். காப்பீடு, கல்விப் பயிற்சி, நிறுவனங்களுக்கான மென்பொருள் என்று முடிவெடுக்க நாளாகும் பொருட்களில் இது வழக்கம். நம் கணக்கை இங்கே நீட்டிப் பாருங்கள். படிவம் நிரப்பும் 10 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒரு படிவத்துக்கு 150ஐ 10ஆல் வகுத்து 15 வரை கொடுக்கலாம், நெட்வொர்க்கின் பங்கும் உட்பட. ஆனால் அந்தப் பத்துக்கு ஒன்று என்ற விகிதம் உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கவேண்டும். போலிப் படிவங்கள் குவியும் இடமும் இதுதான். எது செல்லுபடியாகும் படிவம் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: சரிபார்க்கப்பட்ட தொலைபேசி எண், ஒருவருக்கு ஒரே பதிவு என்பது போல.

சொடுக்குக்குக் கட்டணம் என்பதில், இணைப்பைச் சொடுக்கி உங்கள் கடைக்கு வந்தாலே பணம். வருகிற 100 பேரில் 2 பேர் வாங்கினால், ஒருவருக்கு 150 வீதம் வரும் 300ஐ 100ஆல் வகுத்து ஒரு வருகைக்கு 3 வரை தாங்கும். அதே 100 பேரில் ஒருவர் மட்டுமே வாங்கினால் 1.5. ஒரே ஒரு வாடிக்கையாளர் குறைந்ததும் உங்கள் லாபம் எப்படிக் கரைகிறது என்று கவனியுங்கள். இங்கே நஷ்டம் முழுவதும் உங்களுடையது. ஆயிரம் பார்வைக்குக் கட்டணம் என்ற முறையும் இருக்கிறது. அது விளம்பரம் வாங்குவது, அஃபிலியேட் திட்டம் அல்ல, அதனால் இங்கே விட்டுவிடலாம்.

மாதச் சந்தா வாங்கும் சேவை உங்களுடையது என்றால், வாடிக்கையாளர் நீடிக்கும்வரை ஒவ்வொரு மாதமும் பங்கு தரும் தொடர் கமிஷனை யோசிக்கலாம். அஃபிலியேட்டுகளுக்கு இது மிகவும் பிடிக்கும். நீடித்து நிற்கும் வாடிக்கையாளர்களைத் தேடி அனுப்ப அவர்களுக்கே ஆர்வம் வரும். ஆனால் காலவரம்பு வையுங்கள். முதல் 12 மாதங்கள் என்று வரையறுத்தால் இரு தரப்புக்கும் கணக்கு தெளிவாக இருக்கும்.

சிலர் முன்பணம் கேட்பார்கள். பெரிய வாசகர் வட்டம் உள்ளவர் விரிவான மதிப்புரை எழுத ஒரு தொகையும் அதன்மேல் கமிஷனும் கேட்பது நியாயமற்றது அல்ல. எழுதுவதும் படம்பிடிப்பதும் வேலைதான். அவர் வழியாக எத்தனை விற்பனை நடந்தால் அந்தத் தொகை மீளும் என்று மட்டும் பாருங்கள். நம் எண்களின்படி 10 சதவீதக் கமிஷனும் அதற்குரிய நெட்வொர்க் பங்கும் போக, 150இல் மிஞ்சுவது 25. முன்பணம் 500 என்றால், அது மீள 20 விற்பனை வேண்டும்.

மூன்றாம் படி: யாருடைய விற்பனை என்று தீர்மானித்தல்

குக்கி எத்தனை நாள் செல்லும்? அமேசானில் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் அந்தப் பொருளுக்கு 90 நாள். வேறு பல திட்டங்களில் 30 நாள் வழக்கம். உங்கள் வாடிக்கையாளர் முதல் வருகைக்கும் வாங்குவதற்கும் இடையே வழக்கமாக எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார் என்று பழைய ஆர்டர்களில் பாருங்கள். அதைவிடச் சற்று அதிகமாக வைத்தால் போதும்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. ஒருவர் ஒரு மதிப்புரையைப் படித்து உங்கள் கடைக்கு வருகிறார். பணம் செலுத்தும் பக்கத்தில் தள்ளுபடிக் குறியீடு கேட்கும் பெட்டியைப் பார்த்து, கூப்பன் தளம் ஒன்றைத் தேடிப் போய் அங்கிருந்து மறுபடி வருகிறார். கடைசிச் சொடுக்குக்கே கமிஷன் என்பது பெரும்பாலான திட்டங்களின் விதி. அதன்படி முழுப் பணமும் கூப்பன் தளத்துக்குப் போகும். வாங்கும் ஆசையை உண்டாக்கியவருக்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வாங்க முடிவு செய்திருந்தவருக்கு நீங்கள் தள்ளுபடியும் கொடுத்து கமிஷனும் கொடுக்கிறீர்கள். இந்த அநீதியைச் சரிசெய்யாத திட்டத்தில் நல்ல எழுத்தாளர்கள் தங்கமாட்டார்கள். கூப்பன் தளங்களுக்கு 2 அல்லது 3 சதவீதம் என்று தனி விகிதம் வையுங்கள். மதிப்புரையாளர்களுக்கு அவரவர் பெயரில் தனிக் குறியீடு கொடுங்கள். அந்தக் குறியீடு பயன்பட்டால், கடைசிச் சொடுக்கு யாருடையதாக இருந்தாலும் விற்பனை அவருடையதே என்று விதி எழுதுங்கள்.

நான்காம் படி: கணக்கு வைக்கும் கருவி

இரண்டு வழிகள் உள்ளன. நெட்வொர்க்கில் சேர்ந்தால், அங்கே ஏற்கெனவே அஃபிலியேட்டுகள் இருப்பார்கள். பணம் கொடுக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பதிலுக்குத் தன் பங்கை எடுக்கும். சொந்தமாக மென்பொருள் நிறுவினால் செலவு குறைவு, ஆனால் ஆட்களைத் தேடுவதும் பணம் அனுப்புவதும் உங்கள் பொறுப்பு. உங்களுக்குப் பத்துப் பதினைந்து பேரை ஏற்கெனவே தெரியும் என்றால் சொந்த மென்பொருளே போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், குக்கியை மட்டும் நம்பாத கருவியாகப் பாருங்கள். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் பிற தளங்களின் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. சொடுக்கின் அடையாள எண்ணை உங்கள் கடையே சேமித்துவைத்து, ஆர்டர் முடிந்ததும் உங்கள் சர்வரிலிருந்து நெட்வொர்க்கின் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் முறை இதற்குத் தீர்வு. அதை அமைத்த பிறகு நீங்களே சோதனை ஆர்டர்கள் போட்டுப் பாருங்கள்: கைப்பேசியில் ஒன்று, கணினியில் ஒன்று, தள்ளுபடிக் குறியீட்டுடன் ஒன்று. மூன்றும் கணக்கில் ஏறிய பிறகே திட்டத்தைத் திறக்கவேண்டும்.

ஐந்தாம் படி: விதிகளை எழுதுதல்

ஒரு பக்கம் போதும், ஆனால் சில வரிகள் கட்டாயம் இருக்கவேண்டும். கமிஷன் வரியும் அனுப்பும் செலவும் நீங்கிய தொகைக்கே. அஃபிலியேட் தன் இணைப்பின் வழியாகத் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளும் ஆர்டருக்குக் கமிஷன் உண்டா, இல்லையா என்ற தெளிவு. உங்கள் கடையின் பெயரையே தேடுபொறி விளம்பரத்தில் விலைக்கு வாங்கக் கூடாது. இல்லையென்றால், உங்கள் பெயரைத் தேடி நேராக வரவிருந்தவரை நடுவில் மறித்து அனுப்பிவிட்டுக் கமிஷன் கேட்பார்கள். விகிதம் மாறினால் 30 நாள் முன்னறிவிப்பு தருவோம் என்ற உறுதியும் சேரட்டும்.

தமக்குக் கமிஷன் கிடைக்கிறது என்பதை அஃபிலியேட் வாசகரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பதும் விதியாகட்டும். பல நாடுகளில் இது சட்டம் சார்ந்த கடமை. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் வழிகாட்டு நெறிகளாகவே வெளியிட்டிருக்கிறது. கட்டண இணைப்புகளைக் குறிக்கத் தனி அடையாளத்தைக் கூகுள் 2019இல் அறிமுகப்படுத்தியது. அதையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: முதல் அஃபிலியேட்டுகளைச் சேர்த்தல்

உங்கள் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். பொருளை வாங்கிப் பயன்படுத்தி, அதைப் பற்றி ஏற்கெனவே எங்காவது எழுதியவர்களைவிட நல்ல அஃபிலியேட் இல்லை. விண்ணப்பங்களைத் தானாக ஏற்கும் வசதியை அணைத்துவையுங்கள். ஒவ்வொருவரின் தளத்தையும் நேரில் பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பணம் கொடுத்தல்

விற்பனை நடந்த அன்றே கமிஷன் உறுதியாவதில்லை. பொருளைத் திருப்பித் தர வாடிக்கையாளருக்கு 30 நாள் இருந்தால், கமிஷனை 35 அல்லது 40 நாள் நிலுவையில் வைத்து, ஆர்டர் நிலைத்த பிறகு உறுதிசெய்யுங்கள். முன்பே கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பது உறவைக் கெடுக்கும். எவ்வளவு கமிஷன் சேர்ந்தால் பணம் அனுப்புவீர்கள் என்ற குறைந்தபட்சத் தொகையை மிக உயரத்தில் வைக்காதீர்கள். சிறிய தளம் நடத்துபவர் ஆறு மாதம் காத்திருந்தாலும் எட்ட முடியாத வரம்பு, அவருடைய பணத்தைப் பிடித்துவைப்பதற்குச் சமம். மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து அந்தத் தேதியில் அனுப்பிவிடுங்கள். ஆர்டர் ரத்தானால் அதன் காரணம் அஃபிலியேட்டின் கணக்குப் பக்கத்தில் தெரியவேண்டும். காரணமில்லாமல் மறையும் கமிஷன்களைக் கண்டு அவர்கள் சந்தேகப்படுவது இயல்பு.

பணம் அனுப்பும் முன் ஒருமுறை எண்களைப் பாருங்கள். சொடுக்குகள் ஏராளம், விற்பனை பூஜ்யம் என்றாலும் கவனிக்கவேண்டும். சொடுக்கிய சில நொடிகளில் ஆர்டர் முடிகிறது என்றாலும் கவனிக்கவேண்டும். பயனருக்குத் தெரியாமலே குக்கியைத் திணிக்கும் மோசடியில், தாம் அனுப்பாத வாடிக்கையாளருக்கும் கமிஷன் வாங்கிவிடுவார்கள். ஈபே நிறுவனம் இதற்காக 2008இல் தன் அஃபிலியேட்டுகள் சிலர்மீது வழக்கே தொடுத்தது. சந்தேகம் வந்தால் உடனே நீக்காமல், எந்தப் பக்கத்திலிருந்து வாசகர்கள் வருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நேர்மையானவர் பக்கத்தின் முகவரியையே அனுப்பிவிடுவார்.

மூன்று மாதங்கள் கழித்து முதல் படியின் தாளை மறுபடி எடுங்கள். ஊகமாக எழுதிய இடங்களில், திரும்பி வந்த பொருட்களின் விகிதத்தையும் நூறு வருகைக்கு எத்தனை விற்பனை என்பதையும் உண்மையான எண்களால் நிரப்பி, ஒவ்வொரு அஃபிலியேட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஒதுக்கிவைத்த 2 சதவீதம் யாருக்குப் போகவேண்டும் என்பது அப்போது தெரியும்.