கதைசொல்லியின் மனமாற்றத்தை அலசுவது எப்படி?

மொரிஷியஸில் எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர், 'கதைசொல்லி முடிவில் திருந்திவிட்டான்' என்று ஒரே வரியில் விடையை முடித்துவிடுகிறார்கள்; அது கதைச்சுருக்கமே தவிர அலசல் ஆகாது.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1861) நாவலை எடுத்துக்கொள்வோம்; அதன் நாயகனும் கதைசொல்லியும் பிப். முதலில், ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க இரு காட்சிகளை நாவலின் முன்பாதியிலும் இறுதியிலும் தேடி எடுங்கள். தன்னைப் பார்க்க லண்டனுக்கு வரும், தன் அக்காள் கணவரான கொல்லர் ஜோவைப் பணம் கொடுத்தாவது தடுத்திருக்கலாமே என்று எண்ணும் பிப், ஜோவின் தொப்பி கணப்படுப்பின் மேல்மாடத்திலிருந்து மறுபடி மறுபடி விழுவதைக் கண்டு எரிச்சலடைகிறான். அதே பிப்தான் பின்னர், நீதிமன்றத்தில் ஊரே பார்க்க, தனக்கு மறைவாகப் பணம் தந்து உதவிய குற்றவாளி மாக்விச்சின் கையைப் பற்றியபடி நிற்கிறான். யாருடன் காணப்படுவதற்கு அவன் வெட்கப்படுகிறான் என்ற கேள்வியை இரு இடத்திலும் கேளுங்கள்.

அடுத்து, அடைமொழிகளை அடிக்கோடிடுங்கள். கதையைச் சொல்பவன் முதிர்ந்த பிப் என்பதால், இளமைச் செருக்கை விவரிக்கும் வரிகளிலேயே பின்னாளைய கண்டனமும் கலந்திருக்கும். இவ்விரு குரல்களையும் பிரித்துக் காட்டாத விடைக்குப் பாதி மதிப்பெண்ணே தகும் என்பது என் கருத்து.

நாவலின் முடிவை டிக்கன்ஸ் மாற்றி எழுதினார் என்பதைக் குறிப்பிட ஒரு வாக்கியம் போதும். தான் காதலித்த எஸ்டெல்லாவைச் சந்திக்கும் கடைசிக் காட்சியைவிட, ஜோவிடமும் இளவயதுத் தோழி பிட்டியிடமும் பிப் மன்னிப்புக் கேட்கும் இடமே உங்கள் வாதத்துக்கு வலுவான சான்று.