அட்டைக்குத் தடையாக நின்ற முன்னெழுத்து

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 2016-இல் இயற்றப்பட்ட சட்டப்படி மருத்துவக் கஞ்சாத் திட்டத்தை மாநிலச் சுகாதாரத் துறை நடத்துகிறது. நோயாளி இணையப் பதிவேட்டில் பதிந்து, திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் சான்று பெற்று, 50 டாலர் செலுத்திய பின்னரே மருந்து வாங்குவதற்கான அட்டை வரும். புற்றுநோய் வலியால் இரவெல்லாம் உறங்காத அப்பாவுக்காக நான் பதிந்தபோது, ஊர்ப் பழக்கத்தில் தாத்தாவின் பெயரை ‘எஸ்.’ என்று மட்டும் இட்டுவிட்டேன். அப்பாவின் மாநில அடையாள அட்டையிலோ அது குடும்பப் பெயருக்குரிய இடத்தில் முழுமையாக இருந்தது. இரண்டும் பொருந்தாததால் விண்ணப்பம் நகரவேயில்லை. அப்பா வலியோடு காத்திருந்த அந்நாட்கள் இன்னும் மனத்தை அறுக்கின்றன. அடையாள அட்டையை அருகில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, உதவி எண்ணில் பேசிப் பெயரைத் திருத்தினேன். மருத்துவரும் அதே பெயரில் சான்றைப் புதுப்பித்தார். கட்டணம் செலுத்தியபின் அட்டை அஞ்சலில் வந்தது. அதைக் காட்டி வாங்கிய கஞ்சாத் துளிமருந்துக் குப்பியை அப்பா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.