தொடக்கச் சாமான் பட்டியலில் ஓட்டை தேடுவது எப்படி: ஃபைட்டரை வைத்து ஒரு கணக்கு

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கேரக்டர் ஷீட்டை (பாத்திரத்தின் விவரத் தாளை) நிரப்பும் புதியவர்கள், சாமான் பட்டியலுக்கு வரும்போது களைத்துப்போயிருப்பார்கள். கண்ணில் பட்ட முதல் வரியை டிக் செய்துவிட்டு எழுந்துவிடுவார்கள். 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பின் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அந்தப் பட்டியலுக்குள்ளேயே நல்ல பணம் கிடக்கிறது. 1 தங்கக்காசு 10 வெள்ளி, அல்லது 100 செப்பு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சாமானா, காசா?

பட்டியலில் உள்ள சாமானை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அல்லது பகடை உருட்டிக் காசாக எடுக்கலாம். ஃபைட்டர் என்ற போர்வீரர் வகுப்புக்கு (வகுப்பு என்பது பாத்திரத்தின் தொழில்) நான்முகப் பகடை ஐந்து; கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்க வேண்டும். குறைந்தது 50 தங்கம், அதிகபட்சம் 200, சராசரி 125. காசை எடுத்தால் வகுப்பின் சாமானோடு பின்னணி (பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை) தரும் சாமானும் கைவிட்டுப் போகும். சோல்ஜர் பின்னணியின் பையில் இருக்கும் 10 தங்கமும் இதில் சேர்த்தி. புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

உருட்டிப் பார்த்துவிட்டு, குறைவாக விழுந்தால் சாமானுக்குத் தாவுவது பலரும் முயலும் தந்திரம். முடிவை உருட்டும் முன்பே சொல்லச் சொல்லும் டி.எம்.மிடம், அதாவது ஆட்டத்தை நடத்துபவரிடம், அது எடுபடாது. மாங்க் (துறவி வகுப்பு) ஆடுபவர்கள் காசுப் பக்கமே போக வேண்டாம்: அவர்களுக்குப் பத்தால் பெருக்கல் கிடையாது, சராசரி பன்னிரண்டரை தங்கம்தான். பட்டியலில் வரும் ஷார்ட்ஸ்வேர்டு மட்டுமே 10 தங்கம்.

படி 2: பெயர் சொல்லாத வரியைப் பிடியுங்கள்

'செயின் மெயில்' (சங்கிலிக் கவசம்) என்று பெயர் சொன்ன வரியில் விளையாட இடமில்லை. ஆனால் ஃபைட்டருக்கு 'மார்ஷியல் ஆயுதம் (பயிற்சி பெற்றவர் பிடிக்கும் போர் ஆயுதம்) இரண்டு' என்றொரு வரி இருக்கிறது. எந்த ஆயுதம், என்ன விலைக்குள் என்ற வரம்பு அதில் இல்லை. விலைப்பட்டியலைத் திறந்து மார்ஷியல் பகுதியைப் பாருங்கள். லாங்ஸ்வேர்டு 15, ரேப்பியர் 25, கிரேட்ஸ்வேர்டு 50, லாங்போ 50. எல்லாவற்றுக்கும் மேலே 75 தங்கத்துக்கு ஹேண்ட் கிராஸ்போ (ஒரு கையால் பிடிக்கும் குறுக்குவில்). அதையே இரண்டாக எடுங்கள்.

படி 3: கூட்டுங்கள்

செயின் மெயில் 75, ஹேண்ட் கிராஸ்போ இரண்டு 150, லைட் கிராஸ்போவும் 20 போல்ட்டும் (குறுக்குவில்லின் அம்பு) 26, டன்ஜனியர்ஸ் பேக் (பயணச் சாமான் மூட்டை) 12. மொத்தம் 263 தங்கம். சந்தையில் பழுதில்லாத சாமான் பாதி விலைக்குப் போகும் என்கிறது விதி. அப்படியே விற்றாலும் 131 தங்கம் 5 வெள்ளி. பகடையின் சராசரியைவிட அதிகம். பின்னணிச் சாமானும் கையில் இருக்கும்.

படி 4: எல்லாவற்றையும் விற்காதீர்கள்

ஒரே ஒரு ஹேண்ட் கிராஸ்போவை மட்டும் விற்றால் 37 தங்கம் 5 வெள்ளி கிடைக்கும். அதில் லாங்ஸ்வேர்டு 15, கேடயம் 10 என வாங்கினாலும் 12 தங்கம் 5 வெள்ளி மிச்சம். 'ஒரு ஆயுதம், ஒரு கேடயம்' என்ற வரியை டிக் செய்து லாங்ஸ்வேர்டு எடுத்தவரிடம் அந்தக் கத்தியும் கேடயமும்தான் இருக்கும். உங்களிடம் அவற்றோடு ஒரு ஹேண்ட் கிராஸ்போவும் சில்லறையும் கூடுதல். எங்களைக் கேட்டால் பட்டியலில் உள்ள உருப்படியான ஓட்டை இது ஒன்றுதான்.

எங்கே சொதப்பும்?

பட்டியல் தரும் ஹேண்ட் கிராஸ்போவுக்கு அம்பு வராது. அதனால்தான் அடுத்த வரியில் கைக்கோடரி இரண்டை விட்டுவிட்டு லைட் கிராஸ்போவை எடுத்தோம்; அதன் 20 போல்ட்டும் இதற்குப் பொருந்தும். கைக்கொன்றாக இரண்டையும் பிடித்துச் சுடலாம் என்று கனவு காணாதீர்கள். போல்ட் ஏற்ற ஒரு கை காலியாக இருக்க வேண்டும், ஆக முதல் சுற்றோடு ஆட்டம் முடிந்தது. கேடயம் பிடித்திருந்தாலும் இதே கதைதான்; கேடயத்தைக் கழற்றினால்தான் அடுத்த போல்ட்.

பெரிய தடை சந்தை. முதல் ஆட்டம் தொடங்கும் முன்னரே விற்றாகிவிட்டது என்று ஷீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் டி.எம். ஏற்க வேண்டியதில்லை. கதை நடுக்காட்டில் தொடங்கினால் வாங்க ஆளே கிடையாது. விற்கப்போவதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பழைய தந்திரங்கள்

ஏணி வியாபாரம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003-இல் வந்த 3.5 பதிப்பில் பத்தடி ஏணி 5 செப்பு, பத்தடிக் கம்பு 2 வெள்ளி. ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றினால் இரண்டு கம்பு. பாதி விலைக்கு விற்றாலும் 20 செப்பு, போட்ட முதலுக்கு நாலு மடங்கு. 5-ஆம் பதிப்பில் ஏணி 1 வெள்ளி, கம்பு 5 செப்பு. இரண்டு கம்பின் முழு விலையே ஏணியின் விலைதான், விற்றால் நஷ்டம். மந்திரத்துக்கான பொருட்களை வைக்கும் கம்போனென்ட் பவுச்சுக்குள் வைரம் இருக்கிறது என்று வாதிடுவதும் செல்லாது: விலை குறிப்பிட்ட பொருளை அந்தப் பை தராது. குரோமேடிக் ஆர்ப் என்ற மந்திரத்துக்கான 50 தங்க வைரத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

2024 புத்தகம் வைத்து ஆடினால்

படி 2 அங்கே செல்லாது. ஃபைட்டருக்கு மூன்றே தேர்வு, எல்லாமே பெயர் சொல்லி. முதல் தேர்வு: செயின் மெயில் 75, கிரேட்ஸ்வேர்டு 50, ஃபிளெயில் 10, எட்டு ஜாவெலின் 4, பேக் 12, ரொக்கம் 4. கூட்டினால் 155. இரண்டாவதும் 155. மூன்றாவது, ரொக்கமாகவே 155. யாரோ உட்கார்ந்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு இடுக்கு உண்டு. பின்னணிச் சாமானுக்குப் பதிலாக 50 தங்கம் எடுக்கலாம் என்பதால், மூன்றாவது தேர்வின் 155-ஓடு சேர்த்துக் கையில் 205. ஸ்பிளின்ட் கவசம் 200, பைக் ஈட்டி 5. முதல் நிலையிலேயே ஏ.சி. (அடி படாமல் காக்கும் எண்) 17. வலிமை 15-க்குக் குறைந்தால் அந்தக் கவசம் உங்கள் வேகத்தில் பத்தடியைப் பிடுங்கிக்கொள்ளும். செயின் மெயிலும் கேடயமும் 85 தங்கத்துக்கே ஏ.சி. 18 தரும் என்பதால், இரு கை ஆயுதம்தான் வேண்டும் என்பவருக்கு மட்டுமே இது சரிப்படும். கயிறு, தீப்பந்தம், சாப்பாடு எதற்கும் ஒரு செப்புக்காசு மிஞ்சாது. முதல் வாரம் கூட்டாளிகளின் மூட்டையிலிருந்துதான் சாப்பாடு.