சிக்லிட் குஞ்சுங்க சாகுதா? மருந்து பாட்டிலை எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

சிக்லிட் (ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி டேங்க்ல வளர்க்குற மீன் குடும்பம்) குஞ்சுங்க திடீர்னு கொத்துக் கொத்தா சாக ஆரம்பிச்சா எல்லாரும் முதல்ல கேக்குறது என்ன மருந்து ஊத்தலாம்னு தான், ஆனா நிறைய டேங்க்ல நோயே இருக்காது, தீனி ஜாஸ்தியாகி தண்ணி கெட்டுப் போயிருக்கும்.

முட்டை பொரிஞ்ச அன்னைக்கே தீனி தூவுறது பெரிய தப்பு. ஏஞ்சல் மாதிரி வகைங்கள்ல பொரிஞ்ச குஞ்சு நீந்தாது, வயித்துல மஞ்சக்கரு பையோட வாலை ஆட்டிட்டு ஒட்டிக்கிட்டே இருக்கும். அது கரைஞ்சு நீந்த ஆரம்பிக்க 4, 5 நாளாவது ஆகும், அதுவரைக்கும் போடுறதெல்லாம் அடியில அழுகத்தான் செய்யும். வாயில அடைகாக்குற மலாவி (ஆப்பிரிக்க ஏரி) வகைன்னா கதையே வேற, தாய் மூணு வாரம் போல வாயிலயே வச்சிருந்து வெளிய விடும்போதே குஞ்சு நல்லா நீந்தும், ஃபிளேக்ஸைப் பொடிச்சுப் போட்டா அன்னைக்கே சாப்பிடும். டிஸ்கஸ் குஞ்சை மட்டும் அவசரப்பட்டு பிரிக்காதீங்க, தாய் தகப்பன் உடம்புல ஊறுற வழவழப்பு தான் அதுக்கு முதல் சாப்பாடு.

நீந்த ஆரம்பிச்சதும் அப்போ பொரிச்ச ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணில வாழுற குட்டி இறால் மாதிரி உயிர்) மாதிரி வேற ஒண்ணு கிடையாது. சாப்பிட்ட குஞ்சுக்கு வயிறு ஆரஞ்சு கலர்ல உருண்டையா வெளிய தெரியும், அது தெரிஞ்சா நிறுத்திருங்க. நாளைக்கு 3, 4 தடவை கொஞ்சம் கொஞ்சமா போடணும், அதை விட்டுட்டு காலைலயே மொத்தமா கொட்டிட்டு வேலைக்குக் கெளம்புனா உப்பில்லாத தண்ணில ஆர்ட்டீமியா சில மணி நேரத்துல செத்து சாயங்காலம் வரும்போது எல்லாம் அழுகி அமோனியாங்கிற விஷமா மாறிட்டு இருக்கும். ஆர்ட்டீமியா முட்டை ஓட்டையும் சேர்த்து ஊத்தாதீங்க, குடல் அடைச்சுக்கும். ஆர்ட்டீமியா பொரிக்கிற பாத்திரத்துல ஏர் பம்பை நிறுத்தி பத்து நிமிஷம் விட்டா ஓடு மேல மெதக்கும், உயிரோட இருக்கிறது கீழ நிக்கும், கீழ இருந்து டியூப்ல உறிஞ்சி வடிகட்டிக்கோங்க.

பிஹெச் (தண்ணியோட அமில, கார அளவு) ஏற ஏற அமோனியாவோட விஷமும் ஏறும். மலாவி, டாங்கனிக்கா ஏரி மீன் டேங்க்ல பிஹெச் 8 கிட்ட இருக்குறதால டெஸ்ட் கிட்ல கொஞ்சமா கலர் காட்டுனாலே ஆபத்து தான், அமோனியாவும் நைட்ரைட்டும் (அமோனியால இருந்து உண்டாகுற இன்னொரு விஷம்) 0 இருக்கணும்.

இன்னொண்ணு, புது டேங்க், புது ஸ்பாஞ்ச் ஃபில்டர்னு ஆசையா வாங்கி அதே நாள்ல குஞ்சை விடுறது. அமோனியாவைச் சிதைக்குற பாக்டீரியா ஸ்பாஞ்ச்ல பிடிக்க வாரக்கணக்குல ஆகும், அதனால ஃபில்டரை பெரிய மீன் இருக்குற டேங்க்லயே முன்கூட்டியே ஓட்டி வைங்க, கழுவும்போது குளோரின் தண்ணில கழுவாம டேங்க் தண்ணிலயே பிழிஞ்சு விடுங்க.

தண்ணி தினமும் 10, 20 சதவீதம் மாத்துனா போதும், குளோரின் எடுத்த, அதே சூட்டுல இருக்குற தண்ணி. பழைய தண்ணியை ஏர் டியூப் வச்சு வெள்ளை பக்கெட்டுல எடுங்க, தப்பிப் போன குஞ்சு பளிச்சுனு தெரியும்.

இவ்ளோவும் சரியா இருந்தும் சாகுதுன்னா அப்போ மருந்தைப் பத்தி யோசிங்க, அதுலயும் ஆன்டிபயாடிக் ஊத்துனா ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகலாம், மறுநாளே அமோனியா டெஸ்ட் பண்ணிருங்க.