பிக்கப் வண்டியின் நிஜ மைலேஜ்

டேஷ்போர்டு திரை காட்டும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே சொல்லும். டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய கிலோமீட்டரைப் பிடித்த லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டரே தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் எரிபொருளைத் தின்பது வேகம்தான். மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு விசை ஏறக்குறைய 56 சதவீதம் கூடும். உயரமான பிக்கப்புக்கு இது பெரிய அடி.

பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் மிச்சமாகும் என்பார்கள். வேண்டாம்! மூடியிருந்தால் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் காற்று சுழன்று தங்கும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும்.