கணினி ஆன் ஆக நேரமாகிறதா? கார்டு ரீடரைக் கழற்றிப் பாருங்கள்

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் ஓடுகிறது, லைட் எரிகிறது. ஆனால் திரையில் மதர்போர்டு கம்பெனியின் லோகோ வந்து அப்படியே நிற்கிறது. அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும். விண்டோஸ் வந்த பிறகு எல்லாம் வேகமாகத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட கணினியைக் கடைக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்", இல்லாவிட்டால் "எஸ்எஸ்டி போட்டுடுங்க". லோகோ நிற்கும் நேரத்தில் விண்டோஸ் வேலையே தொடங்கவில்லை. பிறகு விண்டோஸை அழித்து மறுபடி போட்டு என்ன பயன்?

இந்தத் தாமதத்துக்குப் பலரும் சந்தேகப்படாத ஒரு காரணம் யூஎஸ்பி கார்டு ரீடர். கேமரா கார்டிலிருந்து படங்களை இறக்குவதற்காக ஃபோட்டோ ஸ்டூடியோக்களிலும், கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் இடங்களிலும், கேபினெட்டின் முன்பக்கம் ஃப்ளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் பொருத்தியிருப்பார்களே, அதுதான். யூஎஸ்பி போர்ட்டில் செருகிவிட்டு மறந்துபோன சின்ன ரீடரும் இதே வேலையைக் காட்டும். செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வரிசையாகச் செய்யுங்கள்.

படி 1: தாமதம் எந்த இடத்தில் என்று அளந்து பாருங்கள்

மொபைலில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நேரங்களைத் தாளில் குறியுங்கள்: பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸின் சுற்றும் புள்ளிகள் வரும் வரை, புள்ளிகளிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை, பாஸ்வேர்டு கொடுத்ததிலிருந்து மவுஸ் சொன்னபடி கேட்கும் வரை. முதல் பகுதி பயாஸின் நேரம். விண்டோஸ் வருவதற்கு முன் மதர்போர்டிலேயே ஓடி, சாதனங்களைச் சரிபார்க்கும் சின்ன மென்பொருள்தான் பயாஸ். மற்ற இரண்டும் விண்டோஸின் நேரம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி வந்துவிட்டது. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. டிஸ்கில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அங்கிருந்தே எழுந்து வருகிறது. அதனால் ஒரு நாள் எடுத்த அளவும் மறுநாள் எடுத்த அளவும் ஒத்துப் போகாமல் குழப்பும். சோதனை செய்யும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள், முழுமையாக அணையும். ஒவ்வொரு முறையும் அதே போலச் செய்தால்தான் அளவுகளை ஒப்பிட முடியும்.

விண்டோஸே ஒரு அளவை வைத்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால் வலது மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று விநாடிக் கணக்கு தெரியும். பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் போட்ட கணினிகளில் இது வராது; ஸ்டாப்வாட்சே போதும். சாதாரண வீட்டுக் கணினியில் இந்த எண் 20-க்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 30, 40 என்று போனால் பயாஸ் எதற்காகவோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: கார்டு, பிறகு ரீடர் — ஒவ்வொன்றாக எடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டால் குற்றவாளி யார் என்று தெரியாது. முதலில் ரீடருக்குள் கார்டு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மைக்ரோ எஸ்டி உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் வெளியே தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் விண்டோஸில் 'இஜெக்ட்' கொடுத்து எடுத்துவிட்டு, கணினியை அணைத்து மறுபடி ஆன் செய்து அளந்து பாருங்கள்.

நேரம் சட்டென்று குறைந்தால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, பூட் வரிசையில், அதாவது விண்டோஸை எந்த டிஸ்கில் முதலில் தேடுவது என்ற வரிசையில், யூஎஸ்பி முதலில் இருக்கிறது. பயாஸ் அந்தக் கார்டிலிருந்து விண்டோஸை ஏற்ற முயன்று தோற்றுவிட்டுத்தான் ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறது. மற்றொன்று, கார்டே பழுதாகிக்கொண்டிருக்கிறது. படிக்க முடியாத இடத்தை ரீடர் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது. இரண்டாவதுதான் என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து வேறு எதையும் செய்வதற்கு முன் அதில் உள்ள படங்களை வேறு டிஸ்குக்கு காப்பி எடுத்துவிடுங்கள். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று விண்டோஸ் கேட்டால் காப்பி முடியும் வரை ஒத்துக்கொள்ளாதீர்கள். சரிசெய்யும் முயற்சியிலேயே ஃபைல்கள் சிதறிப் போவதுண்டு. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை மறுபடி படம் பிடிக்க முடியாது.

கார்டை எடுத்தும் மாற்றம் இல்லையென்றால் ரீடரையே எடுக்க வேண்டும். வெளியே செருகும் ரீடர் என்றால் பிடுங்கிவிட்டு அளந்து பாருங்கள், அவ்வளவுதான். கேபினெட்டுக்குள் பொருத்தியது என்றால் கொஞ்சம் கவனம் தேவை.

கணினியை அணைத்து, பவர் ஒயரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி விடுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பக்கவாட்டு மூடியைத் திறந்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரீடரின் பின்னாலிருந்து வரும் ஒயரைத் தொடர்ந்து போனால், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்களின் மேல் முடியும். வழக்கமாகச் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு நிறங்களில் மெல்லிய ஒயர்கள். பிடுங்குவதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின் வரிசையை 'ஹெடர்' என்பார்கள். அதில் பத்துப் பின்னுக்கு இடம் இருக்கும், ஒன்பதுதான் இருக்கும். ஒரு மூலை காலியாக விடப்பட்டிருக்கும். கனெக்டரில் அடைபட்ட துளை அந்தக் காலி மூலையின் மேல்தான் வர வேண்டும். பழைய போர்டுகளில் இதே வடிவத்தில் ஃபயர்வயர் (யூஎஸ்பி போன்ற வேறொரு இணைப்பு முறை) ஹெடர் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அதில் 12 வோல்ட் வரும். யூஎஸ்பி சாதனத்துக்கு வேண்டியது 5 வோல்ட். திரும்ப மாட்டும்போது மாற்றிச் செருகினால் ரீடர் போய்விடும், சில நேரம் போர்டும் போய்விடும். ஃபோட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒயரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஆன் செய்து அளந்து பாருங்கள். லோகோ நேரம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டது.

ஒரு ரீடர் எப்படிக் கணினியையே நிறுத்தி வைக்கிறது?

நான்கு துளை உள்ள ரீடரை நாம் ஒரு பொருளாகப் பார்க்கிறோம். கணினிக்கு அது நான்கு டிரைவ். காம்பாக்ட் ஃப்ளாஷ், எஸ்டி, மெமரி ஸ்டிக், எக்ஸ்டி என்று ஒவ்வொரு துளையும் தனி டிரைவாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும். பயாஸ், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் வாத்தியாரைப் போல, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "தயாரா?" என்று கேட்கிறது. நல்ல ரீடர் "கார்டு இல்லை" என்று உடனே பதில் சொல்லிவிடும். பயாஸ் அடுத்ததற்குப் போய்விடும். தரம் குறைந்த சிப் உள்ள ரீடரோ, பழுதான ரீடரோ பதிலே சொல்லாமல் இருந்துவிடும். பயாஸ் தனக்கு விதிக்கப்பட்ட நேரம் முழுவதும் காத்திருந்து, ரீசெட் கொடுத்து, மறுபடி கேட்கும். பிறகு அடுத்த துளைக்குப் போய் அதே கதை.

எவ்வளவு நேரம் காத்திருக்கும்? அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்தின் பயாஸ் உள்ள பல போர்டுகளில் 'யூஎஸ்பி டிரான்ஸ்ஃபர் டைம்-அவுட்' என்று ஒரு அமைப்பு இருக்கும். 1, 5, 10, 20 விநாடி என்று தேர்வுகள். பெரும்பாலும் 20-தான் போட்டிருக்கும். பக்கத்திலேயே 'டிவைஸ் ரீசெட் டைம்-அவுட்' என்று இன்னொன்று, அதுவும் வழக்கமாக 20. நீங்கள் அளந்த தாமதம் 20, 40 என்ற கணக்கில் வருகிறது என்றால் காரணம் இங்கேதான் இருக்கக்கூடும்.

பயாஸ் எந்த வேலையில் இருக்கிறது என்று குறியீட்டில் காட்டும் இரண்டு இலக்க டிஸ்ப்ளே உங்கள் மதர்போர்டில் இருந்தால் இன்னும் எளிது. இதே நிறுவனத்தின் பயாஸில் 9ஏ முதல் 9டி வரையிலான குறியீடுகள் யூஎஸ்பி தொடர்பானவை. அவற்றில் ஒன்றிலேயே டிஸ்ப்ளே நின்றுகொண்டிருந்தால் பயாஸ் யூஎஸ்பி சாதனத்துக்காகக் காத்திருக்கிறது.

படி 3: பயாஸில் மாற்ற வேண்டியவை

ரீடர் தேவையில்லை என்றால் கழற்றியபடியே விட்டுவிடுங்கள். இந்தப் படியே வேண்டாம். தேவை என்றால் ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். எச்பி கணினிகளில் பெரும்பாலும் எஃப்10.

போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உங்கள் டிஸ்கில் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸ் அமைப்பை மாற்றிய பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் டிஸ்கைத் திறக்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

முதல் மாற்றம், பூட் வரிசை. விண்டோஸ் இருக்கும் டிஸ்கை முதலிடத்தில் வையுங்கள். யூஎஸ்பி, ரிமூவபிள் என்று வருபவை கீழே போகட்டும்.

அடுத்து 'ஃபாஸ்ட் பூட்'. இது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அல்ல, பயாஸின் தனி வசதி. இதை எனேபிள் செய்தால் சில போர்டுகள் கீபோர்டையும் மவுஸையும் மட்டும் தட்டி எழுப்பிவிட்டு மற்ற யூஎஸ்பி சாதனங்களை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். கார்டு ரீடர் தொல்லைக்கு இதுதான் நல்ல தீர்வு. விண்டோஸ் வந்ததும் ரீடர் எப்போதும் போல வேலை செய்யும். சில போர்டுகளில் 'யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிரைவர் சப்போர்ட்' என்று தனியாகவே இருக்கும். அதை டிஸேபிள் செய்தாலும் இதே பலன். ஆனால் பின்னால் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட வேண்டி வந்தால் மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும்.

டைம்-அவுட் அமைப்புகள் உங்கள் போர்டில் தெரிந்தால் 20-ஐ 5 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். 1 வைக்காதீர்கள், மெதுவாக எழும் நல்ல பென் டிரைவ் கூடத் தெரியாமல் போகும்.

'லெகஸி யூஎஸ்பி சப்போர்ட்' என்பதை டிஸேபிள் செய்யச் சொல்லிப் பலர் அறிவுரை சொல்வார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. சில போர்டுகளில் அதை நிறுத்தினால் யூஎஸ்பி கீபோர்டு விண்டோஸ் வரும் வரை வேலை செய்யாது. பயாஸுக்குள் திரும்பப் போய் மாற்றவும் வழி இருக்காது. அப்புறம் சீமாஸ் கிளியர் செய்வது, அதாவது பயாஸ் அமைப்புகளை மதர்போர்டிலிருந்தே அழித்துப் பழையபடி ஆக்குவது, தவிர வேறு வழியில்லை.

படி 4: லோகோ வேகமாகப் போய்விட்டது, விண்டோஸில்தான் தாமதம் என்றால்

ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவரைத் தேடித் திறங்கள். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபார்மன்ஸ், ஆப்பரேஷனல் என்று உள்ளே உள்ளே போங்கள். 100 என்ற எண்ணுள்ள பதிவு, விண்டோஸ் எழ எடுத்துக்கொண்ட நேரத்தை மில்லி விநாடியில் சொல்லும். 45000 என்றால் 45 விநாடி. 109 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு சாதனம் தயாராக அதிக நேரம் எடுத்தது என்று பொருள், அதன் பெயரும் அங்கேயே இருக்கும். ரீடரின் பெயர் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் டிரைவரைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். அதன் பிறகும் 109 வந்தால் வேறு யூஎஸ்பி போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். முன்பக்க போர்ட்டைவிட மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட் நம்பகமானது. நடுவில் ஒயர் இல்லை. யூஎஸ்பி ஹப் வழியாக மாட்டியிருந்தால் ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: உள்ளேயே இருக்கும் எஸ்டி ரீடர் எல்லா மாடலிலும் யூஎஸ்பி அல்ல, சிலவற்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேறு இணைப்பு வழியாக மதர்போர்டோடு இணைந்திருக்கும். கழற்ற வேண்டாம். சில மாடல்களின் பயாஸில் அதை டிஸேபிள் செய்ய வசதி இருக்கும், அதில் சோதித்தால் போதும்.

லினக்ஸில் ஒன்றரை நிமிடம் நின்று விட்டுப் பிறகு தொடர்கிறது என்றால் அது பெரும்பாலும் ரீடரின் பழுதே அல்ல. ஆன் ஆகும்போதே கார்டைத் தானாக மவுன்ட் செய்ய (இணைத்துத் திறக்க) யாரோ எஃப்எஸ்டேப் ஃபைலில், அதாவது எந்த டிஸ்குகளை இணைப்பது என்ற பட்டியலில், எழுதி வைத்திருப்பார்கள். கார்டு இல்லாதபோது சிஸ்டம் 90 விநாடி அதைத் தேடும். அந்த வரியில் 'நோஃபெயில்' என்பதைச் சேர்த்துவிட்டால், கார்டு இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் மேலே போய்விடும்.

ரீடர்தான் காரணம் என்று உறுதியாகி, பயாஸில் மாற்றியும் சரியாகவில்லை என்றால் ரீடரை மாற்றிவிடுங்கள். நான்கு துளை உள்ளதைத் திரும்ப வாங்க வேண்டாம். உங்கள் கேமராவில் போடும் கார்டுக்கு மட்டும் இடமுள்ள யூஎஸ்பி 3.0 ரீடர் போதும். படம் இறக்கும்போது செருகி, முடிந்ததும் எடுத்து மேசை டிராயரில் போட்டுவிடலாம்.

ரீடரைக் கழற்றியும் லோகோ நேரம் குறையவே இல்லையா? கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற யூஎஸ்பி சாதனங்களையும் இதே முறையில் ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பாருங்கள்: பிரின்டர், வெளி ஹார்ட் டிஸ்க், வெப்கேம். அதிலும் அகப்படவில்லை என்றால் கேபினெட்டுக்குள் இருக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை, கணினியை அணைத்துவிட்டுக் கழற்றிச் சோதியுங்கள். சாகப்போகும் டிஸ்கும் பயாஸை இதே போலக் காக்க வைக்கும், அப்படி இருந்தால் அன்றைக்கே பேக்கப் எடுத்துவிடுங்கள்.